அக்குளில் ஒரு கட்டி: அதன் காரணம் அறிவது எப்படி?

ஏட்டில் அக்குள் என்றும், பேச்சில் கக்கம் என்றும், தென் மாவட்டங்களில் கமுக்கட்டு என்றும் வழங்கும் இடம், நம் உடம்பில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் இடங்களுள் ஒன்று. குளிக்கும்போது கை படுவதோடு சரி. கண்ணால் பார்ப்பது அரிது. அங்கே ஒரு நாள் சுண்டைக்காய் அளவில் ஏதோ உருள்கிறது, கையை உயர்த்தினால் வலிக்கிறது என்று தெரிந்தவுடன் மனம் இரண்டில் ஒரு பக்கம் சாய்கிறது. "வெறும் சூட்டுக் கட்டி, தானே அடங்கிவிடும்" என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். "இது புற்றுநோயாகத்தான் இருக்கும்" என்று இரவெல்லாம் உறக்கம் கெடுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் செய்யாமல் விடுவது ஒன்றே: காரணத்தைத் தேடுவது.

கோல் மார்க்கெட்டையும் அதைச் சூழ்ந்த தெருக்களையும் தம் இருப்பிடமாகக் கொண்ட நம் குடும்பங்களில் இதற்கு மூன்றாவது வழக்கம் ஒன்றும் உண்டு. "கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோமே, அப்போது நம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்பதே அது. ஊர் டாக்டர் நம் பாஷை அறிந்தவர், நம் தாயாரையும் பாட்டியாரையும் அறிந்தவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஜனவரியில் கண்ட கட்டிக்கு மே மாதத்து ரயில் டிக்கெட்டை நம்பியிருப்பது விவேகமாகாது. அக்குளில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. எஞ்சிய சிலவற்றிலோ அந்த நான்கு மாத காலமே முக்கியமானது. எது எந்த வகை என்று பிரித்தறியும் முறையை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியருக்குப் பதிலாக நாம் வைத்தியம் சொல்ல வரவில்லை. வைத்தியரிடம் எப்போது போவது, போனால் என்ன சொல்வது என்பதே நாம் சொல்ல வந்தது.

நெறி வேறு, கட்டி வேறு

நம் முன்னோர் வழக்கிலேயே இதற்கு ஒரு நல்ல பாகுபாடு உண்டு. தோலில் சிவந்து, முனை பழுத்து, சீழ் கொள்வதைக் கட்டி என்றார்கள். தோலுக்கு அடியில், மேலே நிறம் மாறாமல், உருண்டையாகத் திரண்டு நிற்பதை "நெறி கட்டியிருக்கிறது" என்றார்கள். காலில் முள் தைத்தால் தொடை இடுக்கிலும், கையில் நகச்சுற்று வந்தால் கக்கத்திலும் நெறி கட்டும் என்பது கிராமத்துப் பாட்டிமார் அனைவரும் அறிந்த செய்தி. இன்றைய மருத்துவ நூலும் இதே இடத்திலிருந்துதான் தன் ஆராய்ச்சியைத் தொடங்குகிறது: கட்டி தோலைச் சேர்ந்ததா, தோலுக்கு அடியிலுள்ள நிணநீர்க் கணுவைச் சேர்ந்ததா?

ஹிந்தி பேசுவோரிடமும் இதே வேற்றுமை உண்டு. தோலில் எழுவது "ஃபோடா". உள்ளே திரள்வது "கில்டீ". பொதுவாக எந்த முடிச்சையும் "காண்ட்" என்பர். மயிர் பிடுங்கப்பட்ட இடத்தில் எழும் கொப்புளத்துக்குப் "பால்தோட்" என்றே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தில்லிக்கு வந்த இல்லத்தரசிகள் இந்தச் சொற்களை அறிந்திருப்பது பெரிய உதவி. அக்குளுக்கு அவர்கள் பாஷையில் "பகல்", ஜுரத்துக்குப் "புகார்". பகலிலே காண்ட் என்றும், மூன்று நாளாகப் புகார் என்றும் கேட்டால் நம் காதுக்கு வேறு எதுவோ போலத் தோன்றும். ஆயினும் "மேரீ பகல் மேம் காண்ட் ஹை, தர்த் ஹோதா ஹை, புகார் பீ ஹை" என்று சொல்லத் தெரிந்த அம்மையாருக்கு, பள்ளி செல்லும் மகனையோ அலுவலகம் சென்ற கணவரையோ மொழிபெயர்ப்பாளராக எதிர்பார்த்துக் காத்திருக்கும் அவசியம் இல்லை. தாயின் அக்குளைப் பற்றியும் மார்பைப் பற்றியும் டாக்டர் கேட்கும் கேள்விகளைப் பத்து வயது மகன் மொழிபெயர்ப்பது இருவருக்கும் சங்கடம். அந்தச் சங்கடத்தாலேயே பாதிச் செய்தி சொல்லப்படாமல் போகிறது.

பல தெருக்கள் கூடும் இடம்

அக்குளின் கொழுப்புத் திசுவுக்குள் ஏறக்குறைய இருபது முதல் முப்பது வரை நிணநீர்க் கணுக்கள் அமைந்துள்ளன. கை, தோள், மார்பின் மேற்புறம், முதுகின் மேற்பகுதி, ஸ்தனம் ஆகிய இடங்களில் ஊறும் நிணநீர் நுண்ணிய குழாய்கள் வழியே இங்கு வந்து சேர்கிறது. ஸ்தனத்திலிருந்து புறப்படும் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அக்குளுக்கே வருகிறது. அந்த நீரோடு கிருமிகளோ, வேறு அந்நியப் பொருள்களோ வந்தால், அவற்றைத் தடுத்து நிறுத்தி எதிர்ப்பது கணுக்களின் வேலை. எதிர்க்கும்போது அவை வீங்குகின்றன. விரைவாக வீங்கும்போது அவற்றின் உறை இழுபட்டு வலிக்கிறது.

1921-ஆம் ஆண்டு எழுந்த நம் கோல் மார்க்கெட் வட்டத்தை எண்ணிப் பாருங்கள். பல சாலைகள் வந்து கூடும் அந்த வட்டத்தில் ஒரு நாள் திடீரென்று நெரிசல் ஏற்பட்டால், அதன் காரணம் பெரும்பாலும் அந்த வட்டத்தில் இராது; ஏதேனும் ஒரு சாலையில் இருக்கும். ஒவ்வொரு சாலையாகச் சற்றுத் தூரம் நடந்து பார்த்தால்தான் காரணம் விளங்கும். அக்குளில் நெறி கட்டியவுடன் அனுபவமுள்ள டாக்டர் முதலில் விரல்களையும், நகக்கண்களையும், முழங்கையையும், தோளையும், முதுகையும், ஸ்தனத்தையும் பார்ப்பது இதனால்தான். "கட்டி இங்கே இருக்கிறது, அவர் எங்கேயோ பார்க்கிறாரே" என்று எண்ண வேண்டியதில்லை.

தோலில் எழுபவை

வலிக்கும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது மயிர்க்கால் பழுத்து உண்டாவது. தோலின் மேல் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி, சவரக்கத்தியோ இறுக்கமான ரவிக்கையோ உராய்ந்த இடத்தின் வழியாக மயிர்க்காலுக்குள் புகுகிறது. இரண்டு மூன்று நாட்களில் சிவப்பு, சூடு, வலி, பின்பு நடுவே மஞ்சள் முனை என்ற வரிசையில் வளர்கிறது. தில்லியில் ஜூன் மாதத்து வறண்ட அனல் கழிந்து, ஜூலை ஆகஸ்டில் மழையும் புழுக்கமும் சேரும்போது இது அதிகம். வேர்வை காயாத ஈரத்தில் தோல் ஊறிப்போவதே காரணம். நம்மவர் இதை வேனற் கட்டி என்பது வழக்கம். மாம்பழம் தின்றதால் வந்தது என்றும் சொல்வதுண்டு. பழத்தின்மீது இந்தப் பழி நியாயமன்று.

இப்படிப்பட்ட கட்டி ஒருவருக்கு அடிக்கடி வருமாயின், முதலில் சோதிக்க வேண்டியது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை. தமக்கு நீரிழிவு இருப்பதை ஆறாத கட்டியினாலேயே முதன்முதல் அறிந்துகொண்டவர்கள் உண்டு.

தோலின் கீழ் உள்ள பை அடைபட்டு, பல மாதங்கள் வலியின்றி இருந்து, பின்பு திடீரென்று பழுத்து வலிப்பதும் ஒரு வகை. மெத்தென்று நழுவும் கொழுப்புக் கட்டி மற்றொரு வகை. அது பொதுவாக வலிக்காது. வாசனைத் தெளிப்பான்களும் களிம்புகளும் ஒத்துக்கொள்ளாமல் தோல் தடித்துப்போவதும் உண்டு. அதில் அரிப்பு மிகுதி, உருண்டை இராது. அக்கி வருவதற்கு முன் இரண்டொரு நாள் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் வலியும் தோன்றி, அதன்பின் கொப்புளங்கள் வரிசையாக எழுவதும் உண்டு.

இங்கே தனியாகக் கூற வேண்டிய நோய் ஒன்று இருக்கிறது. பருவம் அடைந்த பிறகு, அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, ஸ்தனத்தின் அடியிலோ, வலிமிக்க கட்டிகள் மீண்டும் மீண்டும் எழும். ஒன்று ஆறுமுன் மற்றொன்று. ஆறிய இடத்தில் கயிறு போன்ற தழும்பு. நாளடைவில் ஒரு கட்டிக்கும் அடுத்ததற்கும் தோலுக்கு அடியில் சுரங்கம்போல வழி உண்டாகிச் சீழ் கசியும். பிரெஞ்சு அறுவை வைத்தியர் வெர்னூய் 1854-இல் இதனை வியர்வைச் சுரப்பிகளோடு இணைத்து விவரித்தார். அதனால் ஹைட்ரடினைட்டிஸ் என்ற பெயர் நிலைத்தது. இன்றைய ஆராய்ச்சி, நோயின் தொடக்கம் மயிர்க்கால் அடைபடுவதில் இருக்கிறது என்று காட்டுகிறது. இது தொற்று நோயன்று, அழுக்கினால் வருவதுமன்று. சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. புகைபிடித்தலும் உடற்பருமனும் இதை வளர்க்கின்றன.

இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்நோய் கண்ட பெண்ணையோ பிள்ளையையோ வீட்டார், "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று கடிந்துகொள்கிறார்கள். கசியும் சீழின் நாற்றத்துக்கு அஞ்சி அந்த இளம் உயிர் கல்லூரிக்குப் போகத் தயங்குகிறது; கல்யாணப் பேச்சு என்றால் ஒடுங்குகிறது; யாரிடமும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் கீறிச் சீழ் எடுப்பதோடு வைத்தியம் நின்றுவிடுவதால், நோயின் பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிடுவது உலகெங்கும் காணப்படும் குறை. ஆறு மாதத்துக்குள் இருமுறை இத்தகைய கட்டி வந்திருந்தால் தோல் நோய் நிபுணரைக் காண வேண்டும். நீண்ட நாள் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் முதல், அடாலிமுமாப் போன்ற புதிய ஊசி மருந்துகள் வரை, அறுவை உட்பட, இன்று இதற்கு வழிகள் உள்ளன. தொடக்கத்தில் பிடித்தால் சுரங்கங்கள் உண்டாகாமல் காக்கலாம்.

நெறியாகத் திரள்பவை

இனி உள்ளே திரளும் நெறியைப் பார்ப்போம். பாத்திரம் தேய்க்கும்போது விரலில் குத்திய கம்பி, காய் நறுக்கும்போது பட்ட வெட்டு, நகச்சுற்று, கொசுக்கடியைச் சொறிந்த புண் இவையே பெரும்பாலும் காரணம். புண் ஆற நெறியும் கரையும். ஆனால் புண்ணிலிருந்து அக்குள் நோக்கிக் கையில் சிவப்புக் கோடு ஒன்று ஏறுவதைக் கண்டால் அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கிருமி நிணநீர்க் குழாய் வழியே பரவுகிறது என்பதற்கு அது அடையாளம்.

வீட்டில் பூனைக்குட்டி வளர்ப்போர் டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும். பூனை கீறிய ஓரிரு வாரங்களுக்குப் பின், கீறல் மறைந்த நிலையில், அக்குளில் வலியுடன் நெறி கட்டுவது ஒரு தனி நோய். பார்ட்டனெல்லா என்னும் கிருமியே அதற்குக் காரணம் என்பது 1990-களில் உறுதியாயிற்று. "பூனை கீறியதா?" என்ற ஒரு கேள்வி கேட்கப்படாமையால் வீண் சோதனைகள் பல செய்யப்படுவதுண்டு.

தடுப்பூசியும் நெறி கட்டச் செய்யும். 2021-இல் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்கு ஊசி போட்ட பக்கத்து அக்குளில் வீக்கம் கண்டது. ஸ்தனப் படங்களைப் பார்க்கும் நிபுணர்கள் அதைக் கண்டு குழம்பியதால், எந்தக் கையில் எந்தத் தேதியில் ஊசி போடப்பட்டது என்று கேட்பது அவர்களுக்கு வழக்கமாயிற்று.

நிற்க. கக்கத்து நெறி என்றாலே நம் பாட்டனார் காலத்தவர் நடுங்கியதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதுதான் பிளேக். 1896-இல் பம்பாயில் நுழைந்த அந்தக் கொள்ளைநோயின் முதல் அடையாளம், தொடை இடுக்கிலோ, அக்குளிலோ, கழுத்திலோ திடீரென்று எழும், தொட இயலாத வலியுள்ள நெறியும், கடும் ஜுரமும் ஆகும். கிருமியை யெர்சின் 1894-இல் ஹாங்காங்கில் கண்டார்; அது எலித் தெள்ளினால் பரவுகிறது என்பதை சிமோன் 1898-இல் கராச்சியில் காட்டினார்; பம்பாயில் ஹாஃப்கின் தாம் தயாரித்த தடுப்பு மருந்தை 1897 ஜனவரியில் முதலில் தம் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். 1994-இல் சூரத்தில் அந்நோய் தலைகாட்டியபோது தில்லியிலும் மக்கள் பீதி கொண்டனர். இன்று இந்நோய் நம் நாட்டில் மிக அரிது. ஆன்டிபயாட்டிக்கினால் குணமாகக் கூடியது. இந்த வரலாற்றைக் கூறியது பயமுறுத்துவதற்காக அன்று. எந்த ஊருக்கு அண்மையில் போய் வந்தீர்கள் என்று டாக்டர் கேட்பதன் பொருளை விளக்கவே.

பிளேக் அரிதாயிற்று, காசநோய் அரிதாகவில்லை. நம் நாட்டில் நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகமாகத் தாக்கும் இடம் நிணநீர்க் கணுக்களே. கழுத்தில் வருவதைக் கண்டமாலை என்று நம் வைத்தியர் அழைத்தனர். அக்குளிலும் அது வரும். இதன் இயல்பு மெல்ல வளர்வது. முதலில் வலி இராது. கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதங்கள் கழித்து மெத்தென்றாகி, சூடில்லாமலே சீழ் கொண்டு, தோலைத் துளைத்து ஒழுகும். மாலை ஜுரம், இரவு வேர்வை, பசியின்மை, எடைக் குறைவு ஆகியவை உடன் வரலாம், வராமலும் இருக்கலாம். இதனைச் சாதாரணக் கட்டி என்று எண்ணிக் கீறிவிட்டால் ஆறாத புண்ணாகிவிடும்.

காசநோய் என்றவுடன் மறைக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. இது தேவையற்றது. நுரையீரலில் நோய் இல்லாமல் கணுவில் மட்டும் உள்ளவரிடமிருந்து பிறருக்கு அது பொதுவாகத் தொற்றுவதில்லை. நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை உலகுக்குக் காட்டியது, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம். அதன் முடிவு 1959-இல் வெளியானபின் உலகமெங்கும் சானிட்டோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. இன்று கணுக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மருந்து. சர்க்கார் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து உண்ணும்போதே கணு சற்றுப் பெரிதாவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்துவதே பெருந்தீங்கு.

கைக்குழந்தையின் அக்குளில்

பிறந்த குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். அந்த மருந்தைத் தயாரிக்கும் நிலையம் 1948-இல் சென்னைக் கிண்டியில் அமைந்தது. ஊசி போட்ட சில வாரங்களில் அவ்விடத்தில் சிறு கொப்புளம் கண்டு, ஆறித் தழும்பாகும். ஒரு சில குழந்தைகளுக்கு, முதல் ஆறு மாதங்களுக்குள், இடது அக்குளில் ஒரு நெறி திரளும். குழந்தை சுகமாகப் பால் குடித்து, ஜுரமின்றி, எடை ஏறி வருமாயின், பெரும்பாலும் அது தானே கரைந்துவிடும். கத்தி வைக்கக் கூடாது. பெரிதாகிச் சீழ் கொண்டால் டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். குழந்தைக்குக் காசநோய் வந்துவிட்டதென்று வீடு முழுவதும் அழவேண்டிய அவசியம் இல்லை. குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொண்டால் போதும்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

சில பெண்களுக்கு ஸ்தனத்தின் திசு அக்குள் வரை நீண்டிருக்கும். அல்லது அங்கே தனியாகச் சிறிது இருக்கும். மாதவிலக்குக்கு முன் அது வீங்கி வலித்துப் பின் அடங்கும். கர்ப்ப காலத்திலும், பிரசவித்துப் பால் சுரக்கும் முதல் வாரத்திலும் பெரிதாகி அச்சுறுத்தும். இது நோயன்று. பாலூட்டும் தாய்க்கு ஸ்தனத்தில் பால் கட்டிப் பழுத்தாலும் அக்குளில் நெறி கட்டும். அப்போது உடனே வைத்தியம் தேவை.

புற்றுநோயைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டுப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்று ஸ்தனப் புற்று. அது பரவத் தொடங்கும்போது முதலில் அடையும் இடங்களுள் அக்குள் முக்கியமானது. அங்ஙனம் வரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கல்போல் இறுகி, நழுவாமல், வாரந்தோறும் சிறிது சிறிதாக வளரும். ஆகவே வலியைக் கண்டு அஞ்சும் நாம், வலி இல்லாமையைக் கண்டு நிம்மதி அடைவது தலைகீழான வழக்கம். வலி இருப்பதனாலேயே புற்று இல்லை என்று முடிவு கட்டுவதும் சரியன்று. எந்தக் கட்டியானாலும் இரண்டு மூன்று வாரங்களில் கரையவில்லையென்றால் சோதித்தே தீரவேண்டும். ஆடவருக்கும் இவ்விதி பொருந்தும்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் காலமாகும் வரை அப்பணியிலேயே வாழ்ந்தார். முன்னதாக வந்தால் குணப்படுத்தலாம் என்பதே அவர்கள் இடைவிடாது சொல்லிவந்த செய்தி. வீட்டார் அனைவரின் உடம்பையும் கவனித்து, தன் கட்டியை மட்டும் ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கே அது முதலில் சேரவேண்டியது.

டாக்டர் என்ன கேட்பார், என்ன செய்வார்?

எத்தனை நாளாக இருக்கிறது? வளர்கிறதா, குறைகிறதா? ஒன்றா, பலவா? ஒரு பக்கமா, இரு பக்கமுமா? ஜுரம், எடைக் குறைவு உண்டா? கையில் புண் உண்டா? சவரம் செய்ததுண்டா? தடுப்பூசி, பூனை, நீரிழிவு, வீட்டில் யாருக்கேனும் காசநோய்? பெண்களாயின் மாதவிலக்கு, பிரசவம், ஸ்தனத்தில் மாற்றம்? இவற்றுக்கு விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நல்லது. பிறகு அவர் கையைத் தம் கையில் தாங்கிக்கொண்டு, தசை தளர்ந்தபின் அக்குளைத் தொட்டுப் பார்ப்பார். மற்ற அக்குள், கழுத்து, தொடை இடுக்கு, ஸ்தனம் ஆகியவற்றையும் பார்ப்பார்.

பெரும்பாலும் இத்தோடு காரணம் விளங்கிவிடும். விளங்காவிட்டால் இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் படம், தேவையானால் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்த்தல், கிருமி வளர்த்துப் பார்த்தல், வயதுக்கேற்ப ஸ்தனத்துக்கு மாமோகிராம் என்று படிப்படியாகச் செல்வர். "ஊசி பட்டால் புற்று பரவிவிடும்" என்று அஞ்சி இப்பரிசோதனையை மறுப்போர் உண்டு. அந்த அச்சத்தினால் காரணம் தெரியாமலே நாள் கடத்துவதுதான் உண்மையான அபாயம்.

நம் வட்டாரத்து வாசிகள் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இரண்டு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. முன்பு வில்லிங்டன் என்று பெயர் பெற்றிருந்த ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி ஒன்று. மற்றொன்று லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. அக்கல்லூரிக்கு 1914-இல் அஸ்திவாரமிட்ட ஹார்டிஞ்ச் சீமாட்டி அதே ஆண்டில் காலமானார். 1916-இல் அது திறக்கப்பட்டது. வைத்தியம் கற்கும் பெண்களுக்கென்றே அமைந்த கல்லூரி அது. ஆண் டாக்டரிடம் அக்குளைக் காட்டக் கூசுவதால் நம் பெண்கள் சிகிச்சை இன்றி இறக்கக்கூடாது என்பதும் அக்கல்லூரி எழுந்ததன் காரணங்களுள் ஒன்று. அதன் வாசலுக்கு இத்தனை அருகில் வாழ்ந்துகொண்டு, கூச்சத்தைக் காரணம் சொல்வது நமக்கு அழகன்று. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு, 1954-இல் தில்லியிலேயே முதன்முதல் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் டிஸ்பென்சரிகளும் உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கும் அந்த வசதி உண்டு.

வீட்டில் செய்யத் தக்கவையும் தகாதவையும்

சிவந்து வலிக்கும் சிறு கட்டிக்கு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால், பொறுக்கும் சூட்டில், பத்துப் பதினைந்து நிமிஷம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். தளர்ந்த பருத்தி ஆடை உடுத்தலாம். ஆறும்வரை சவரத்தையும் வாசனைத் தெளிப்பானையும் நிறுத்த வேண்டும். அவரவர் துண்டு அவரவருக்கே. தானே உடைந்தால் சுத்தமான துணியால் மூடி, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பிதுக்குதல் கூடாது, ஊக்கு, ஊசி, பிளேடு எதனாலும் குத்தக் கூடாது. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப் போடுவது நம் ஊர்களில் பழகிய வைத்தியம். ஆனால் சுண்ணாம்பு காரம். அக்குளின் மெல்லிய தோலை அது வேகவைத்துவிடும். கட்டியோடு தீப்புண்ணும் சேரும். மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் இரண்டு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதும் தவறு. கிருமி முழுதும் அழியாது. சோதனையில் உண்மைக் காரணமும் மறைந்துவிடும். பல மருந்துகளைக் கலந்த ஸ்டிராய்டு களிம்பைத் தடவுவது, சிவப்பை அடக்கி நோயை உள்ளே வளர்க்கும்.

அன்றைக்கே செல்ல வேண்டியவர்கள்: குளிருடன் கூடிய ஜுரமுள்ளவர், சிவப்பு பரவுகிறவர், கையில் கோடு ஏறுகிறவர், கை முழுதும் வீங்குகிறவர், நீரிழிவு உள்ளவர், புற்றுக்கோ மூட்டுவாதத்துக்கோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர். அந்த வாரத்துக்குள் செல்ல வேண்டியவர்கள்: கட்டி கல்போல் இறுகி அசையாதவர், ஸ்தனத்திலும் கட்டியோ, காம்பு உள்வாங்குதலோ, இரத்தம் கசிதலோ கண்டவர், வேறிடத்திலும் நெறி கட்டியவர், காரணமின்றி மெலிகிறவர். மற்றவர் இரண்டு வாரம் பார்க்கலாம். மூன்றாவது வாரத்திலும் கட்டி இருந்தால் காட்டிவிட வேண்டும்.

கட்டியை முதலில் கண்ட தேதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வையுங்கள். "எத்தனை நாளாக?" என்ற கேள்விக்கு அதைவிடச் சரியான விடை இல்லை. குளிக்கும்போது மாதம் ஒருமுறை இரண்டு அக்குள்களையும் தடவிப் பார்க்கும்படி உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள். ஹிந்தி அறியாத அண்டை வீட்டு அம்மையாருக்குத் துணையாக, ஹிந்தி அறிந்த மற்றோர் அம்மையார் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி ஆஸ்பத்திரிக்கு உடன் செல்வாராயின், அது பண்டிகை நாட்களில் நாம் செய்யும் எந்த உபகாரத்துக்கும் குறைந்ததன்று. ஊர்ப் பயணத்துக்காகக் காத்திருக்கும் கட்டி எந்த வீட்டிலேனும் இருக்குமாயின், அதை இந்த வாரமே தில்லி டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்பதே வாசகர்களுக்கு நம் வேண்டுகோள்.